அந்தோனி அண்ணையின் ஒன்பது முடிச்சு

தகரவாளி தார்வீதியில் விழுந்து உருண்ட சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

புளியங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் நடுவில், காடு இரண்டு பக்கமும் நெருக்கி நிற்கும் ஓரிடம். உச்சி வெயில். ஒரு பாலை மரத்தின் கீழே எங்கள் கார் பொனட்டைத் திறந்தபடி நிற்கிறது. பின் இருக்கையில் பிரசவ நோவோடு பவளம் கிடக்கிறாள். பக்கத்தில் நான். காரோட்டி அந்தோனி அண்ணை பக்கத்துக் குளத்திலிருந்து வாளியில் தண்ணீர் எடுத்து வருகிறார். காருக்கு முன்னால் பவளத்தின் புருஷன் தில்லையம்பலம் முழங்கைவரை வெந்து சிவந்த கைகளோடு நிற்கிறான். ஒரு கையில் றப்பர் துண்டு, மற்றக் கையில் அறுந்த வலைநூல்.

றேடியேற்றர் குழாயில் அந்தோனி அண்ணை போட்டிருந்த கட்டை அவன் அவிழ்த்துவிட்டான். அந்தக் கட்டு ஒன்றுதான் அன்று எங்கள் காரை ஓடவைத்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த தண்ணீர் முழுவதும் கொதிக்கக் கொதிக்க வெளியே பாய்ந்து, தாரில் ஓடி, புல்லுக்குள் போய்விட்டது.

“எல்லாத்தையும் அவிட்டாச்சு மிஸி,” என்றான் தில்லையம்பலம். “இது ஒண்டுதான் மிச்சமா இருந்தது.”

அவன் முகத்தில் குற்றம் செய்தவனின் சாயலே இல்லை. பெரிய வேலையொன்றை முடித்தவன் போல நிம்மதியாக நின்றான். நான் பல வருஷம் மருத்துவமாதாக, சனத்தின் வாயில் ‘மிஸி’யாக, வேலை செய்தவள். இரத்தம் பார்த்திருக்கிறேன், சாவும் பார்த்திருக்கிறேன். அந்த மத்தியானம் திகைத்தது போல ஒருநாளும் திகைத்ததில்லை.

மாடு தின்ற பஞ்சு

குடியேற்றத் திட்டத்துக்கு நான் வந்திறங்கியதையும், என் குவாட்டஸ் கூரையைக் குரங்குகள் பிரித்ததையும் இந்தத் தொடரில் போன கிழமை எழுதினேன். இது அதற்கு இரண்டு வருஷம் பிந்திய கதை.

மாங்குளத்துக்குக் கிழக்கே காடு வெட்டி உண்டாக்கிய திட்டம் அது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்த சனத்துக்கு ஆளுக்கொரு வயலும் மேட்டுக்காணியும் கொடுத்திருந்தார்கள். சட்டி பானையோடு ஊர் வழக்கங்களையும் அவர்கள் மறக்காமல் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அதில் ஒன்றோடுதான் எனக்கு ஓயாத சண்டை.

பிள்ளைப்பேறு இழுபட்டால் வீட்டிலுள்ள முடிச்செல்லாம் அவிழ்க்க வேண்டும். கன்றுக்குட்டியின் கயிறு, நெல்மூட்டையின் வாய், வேலிப் படலையின் கட்டு, பெண்களின் கொண்டை, ஒன்றும் தப்பாது. பானைகளின் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். பெட்டகப் பூட்டைக் கழற்ற வேண்டும். வீட்டில் ஒரு முடிச்சு இறுகிக் கிடந்தாலும் வயிற்றுக்குள் பிள்ளையும் இறுகிக் கிடக்குமாம்.

எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். கொழும்பில் படித்துவிட்டு வந்த திமிர் வேறு. சுடுதண்ணீர் வையுங்கோ என்றால் ஒருவரும் அசைய மாட்டார்கள், முடிச்சவிழ்க்க மட்டும் அயலெல்லாம் ஓடிவரும். ஒரு வீட்டில் அவிழ்த்துவிட்ட மாடு, என் சைக்கிள் கூடையில் இருந்த பஞ்சுக் கட்டை முழுதாகத் தின்றுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் அந்த வீட்டாரைத் திட்டிய திட்டில் மாடு விலகிப் போய்விட்டது. சனம் போகவில்லை.

அன்று காலை பவளத்தின் வீட்டுக்குப் போனபோதும் அதே கூத்துத்தான். பானைகள் வாயைப் பிளந்து கிடந்தன. கட்டவிழ்ந்த ஆடுகள் முற்றமெல்லாம் திரிந்தன. தில்லையம்பலம் தன் சாரத்தை இடுப்பில் முடிச்சுப் போடாமல் வெறுமனே செருகிக்கொண்டு, அது கழலாமல் ஒரு கையால் பிடித்தபடி திரிந்தான். பவளத்தின் மாமியார் என் முன்னால் வந்து நின்றா.

“மிஸி, குறை நினையாதேங்கோ. உங்கடை கொண்டையையும் ஒருக்கா அவிட்டுவிடுங்கோ.”

“என்ரை கொண்டைக்கும் உங்கடை மருமகளின்ரை வயித்துக்கும் என்ன தொடுசல்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

போய்ப் பார்த்ததும் என் வாய் அடங்கியது. தலைப்பிள்ளை. தண்ணீர்க்குடம் முதல்நாள் பின்னேரமே உடைந்துவிட்டது. பிள்ளை தலைப்பக்கமாக வராமல் கால்பக்கமாகக் கிடந்தது. பவளத்துக்குத் திராணி விட்டுக்கொண்டே போனது. இனி அது என் கைக்கு அடங்கிய வேலை அல்ல, வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தில்லையம்பலத்தைச் சைக்கிளில் ஏற்றி, அந்தோனி அண்ணையைக் கூட்டிவரும்படி துரத்தினேன்.

கார் புறப்படும்போது மாமியார் மகனின் காதோரம் குனிந்து சொன்னது எனக்கும் கேட்டது.

“தம்பி, வழியிலயும் ஒரு முடிச்சும் இருக்கவிடாதை.”

அவனுக்கு அப்போதே ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது என் பிழை.

கடலை விட்டு வந்தவர்

அந்தோனி அண்ணை முள்ளிவாய்க்கால்காரர். வேதக்காரர். ஐம்பதை எட்டும் வயதிருக்கும். ஒரு வாடைக்காற்றுக் காலத்தில் தன் தம்பியைக் கடல் கொண்டுபோன பிறகு, வள்ளத்தை விற்று ஒரு பழைய கறுப்புக் காரை வாங்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டார். இரண்டு பக்கமும் செட்டை போல மடித்துத் திறக்கிற பொனட் உள்ள, இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய கார். திட்டத்தில் ஓடிய ஒரே வாடகைக் கார் அதுதான்.

கடலை விட்டாரே தவிர கடற்பழக்கத்தை விடவில்லை. காரை நிறுத்து என்று சொல்ல மாட்டார், கரையில விடுறன் என்பார். முன் தட்டுக்குள் மாதா படம் ஒன்றும், ஒரு பந்து வலைநூலும் எப்போதும் இருக்கும். காரில் எது கழன்றாலும் அந்த நூல்தான் மருந்து. கதவுப் பிடி, மட்காட், புகைக்குழாய் எல்லாம் முடிச்சில்தான் நின்றன.

“என்ரை முடிச்சு அவிழ்ந்து ஒரு மீன் தப்பினதில்லை மிஸி,” என்பார். பெருமையடிக்கிற மனுஷன் இல்லை. முடிச்சு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தலைக்கனம்.

இந்த மனுஷனையும் அந்த வீட்டாரையும் ஒரே காரில் ஏற்றினால் என்ன நடக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். முடிச்சுப் போட்டால்தான் பிழைக்கலாம் என்பது அவருடைய சீவியம். முடிச்சு அவிழ்ந்தால்தான் பிழைக்கலாம் என்பது அவர்களுடையது. நடுவில் நான், இரண்டையும் சட்டைசெய்யாத படித்தவள்.

கனகராயன்குளத்தில் கசிவு

மாங்குளம் தாண்டி யாழ்ப்பாண வீதியில் ஏறும்வரை ஒரு கரைச்சலும் இல்லை. கனகராயன்குளத்துக்குக் கிட்டப் போகும்போது முன்கண்ணாடியில் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர் தெறித்தது. மழையாக்கும் என்று வானத்தைப் பார்த்தேன். வானம் வெளுத்துக் கிடந்தது. அந்த மாதம் மழை ஏது?

அந்தோனி அண்ணை காரைக் கரையில் விட்டுப் பொனட்டைத் திறந்தார். றேடியேற்றரின் தலைப்பக்கத்திலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த றப்பர் குழாய், நாட்பட்டு உக்கி, நகக்கண் அளவுக்கு வெடித்திருந்தது. அதனூடாகக் கொதிதண்ணீர் சீறிக்கொண்டிருந்தது.

சூடு தணியப் பார்த்திருந்து, பழைய சைக்கிள் ரியூப்பை நீளவாக்கில் வெட்டிக் குழாயில் சுற்றினார். மேலே வலைநூலை வரிந்து, மூச்சைப் பிடித்து இறுக்கிக் கட்டினார். கட்டி முடிய நூல் றப்பருக்குள் புதைந்து கிடந்தது.

“ஒன்பது முடிச்சு மிஸி. இனிக் கொழும்புவரைக்கும் போகலாம்.”

தில்லையம்பலம் பக்கத்தில் நின்று அந்த முடிச்சுகளையே பார்த்தான். அவன் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. எண்ணுகிறான் என்று பிறகுதான் விளங்கியது.

மிச்சமாக இருந்தது

கட்டு நின்றது. ஆனாலும் முன்னரே போன தண்ணீருக்குக் கணக்குத் தீர்க்க வேண்டுமே. புளியங்குளம் தாண்டியதும் எஞ்சின் முனகத் தொடங்கியது. அந்தோனி அண்ணை காரைப் பாலை மர நிழலில் நிறுத்தி, பொனட்டைத் திறந்து ஆறவிட்டு, வாளியோடு குளத்தடிக்குப் போனார்.

நான் மரக்குழலைப் பவளத்தின் வயிற்றில் வைத்துப் பிள்ளையின் நெஞ்சுத்துடிப்பைக் கேட்டேன். காலையில் கேட்டதைவிட மெதுவாக இருந்தது. திரும்ப வைத்துக் கேட்டேன். அதேதான். இன்னும் பத்து மைல்தான், கார் ஓடினால் போதும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரம் பவளத்துக்கு ஒரு பெரிய நோ வந்து அவள் வீரிட்டாள். அந்த வீரிடலைக் கேட்டுக்கொண்டு பொனட்டடியில் நின்றவன்தான் தன் பேனாக்கத்தியை எடுத்திருக்கிறான். கையாலும் பல்லாலும் அவிழ்த்துப் பார்த்திருக்கிறான், ஆறோ ஏழோ அவிழ்ந்திருக்கிறது. மிச்சத்தை வெட்டிவிட்டான்.

எனக்குச் சீறல் சத்தம் கேட்டது. இறங்கி ஓடினேன். அப்போதுதான் அந்தோனி அண்ணையின் கையிலிருந்து வாளி விழுந்தது.

“பாருங்கோ மிஸி, அவளுக்கு நோ தணிஞ்சிட்டுது,” என்று தில்லையம்பலம் காரின் பின்பக்கத்தைக் காட்டினான்.

உண்மைதான். நோ தணிந்து பவளம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். நோ வந்தால் தணியும்தானே. ஆனால் அவன் அதைக் காட்டிய விதத்தில் எனக்கு வெறி வந்தது. சொல்லக்கூடாத சொல்லைச் சொன்னேன்.

“பிள்ளைக்கு ஏதும் நடந்தா, கொன்றவன் நீதான். காலத்துக்கும் நினைச்சுக்கொள்.”

அவன் முகம் செத்துப்போனது. தன் கைகள் வெந்திருப்பதைக்கூட அப்போதுதான் கண்டவன் போல அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அந்தோனி அண்ணை பொனட்டடிக்கு வந்தார். குனிந்து குழாயைத் தடவினார். கத்தி பட்டு வெடிப்பு ஒரு விரல் நீளத்துக்கு நீண்டிருந்தது. ரியூப்புத் துண்டும் இரண்டாகக் கிழிந்துவிட்டது. வலைநூல் முன்னரே முடிந்துபோய் முன் தட்டுக்குள் மாதா மட்டும்தான் இருந்தா. வீதியில் இரண்டு பக்கமும் வெயில் அலையாடியதே தவிர ஒரு லொறியையும் காணவில்லை.

நான் பைக்குள் இருந்த றப்பர் சீலையை எடுத்தேன். தாய்மாருக்குக் கீழே விரிக்கிற அரசாங்கச் சீலை. கத்தரிக்கோலால் அதை வெட்டிக் கொடுத்தேன். அந்தோனி அண்ணை அதைக் குழாயில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, “கட்ட ஏதும் தாங்கோ மிஸி,” என்று கையை நீட்டினார். துணிப்பட்டியை எடுத்தேன்.

“கட்டாதேங்கோ.”

பவளத்தின் குரல். காலையிலிருந்து ஒரு சொல் பேசாதவள் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்திருந்தாள். “கட்டினா நான் இதிலை வரமாட்டன். இறங்கி நடந்து போவன்.”

நான் அதட்டினேன். கெஞ்சினேன். அவள் உடம்பெல்லாம் நடுங்கியது. பயந்த பெண்ணுக்குப் பிரசவம் நின்றுபோகும் என்பது நான் படித்த படிப்பிலேயே இருந்தது. வாதாட வாதாட நேரம் போனது. அந்தத் துடிப்பு என் காதுக்குள் மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது.

“நான் பிடிச்சுக்கொண்டு வாறன் அண்ணை,” என்றான் தில்லையம்பலம். “கட்ட வேண்டாம்.”

“விசிறி சுத்துற இடமடா தம்பி. கை தவறினா விரல் போயிடும். சூட்டில தோல் கழரும்.”

“போகட்டும்.”

அந்தோனி அண்ணை என்னைப் பார்த்தார். “துணிக்கட்டு நனைஞ்சா இளகும்தான். கையெண்டா அமத்திப் பிடிக்கலாம். நீங்கள் சொல்லுங்கோ மிஸி.”

“பிடிக்கட்டும்,” என்றேன். சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். அரசாங்கச் சம்பளம் வாங்குகிற மருத்துவமாது, ஒரு முடிச்சுக்குப் பயந்து ஒரு மனுஷனின் கையைக் கொதிக்கிற குழாயில் வைக்கச் சொன்னேன்.

பத்து மைல்

அவனை இடதுபக்க மட்காட்டில் குப்புறப் படுக்கவைத்தோம். அந்தப் பக்கப் பொனட் தகட்டைக் கழற்றி என் காலடியில் போட்டோம். அவன் கைகளில் நனைந்த சாக்குத் துண்டைச் சுற்றிக் குழாயைப் பிடிக்கச் செய்தார் அந்தோனி அண்ணை. தண்ணீர் நிரப்பியபின் றேடியேற்றர் மூடியைப் போடாமல் திறந்தே விட்டார். மூடினால் ஆவி முட்டிக் குழாயைப் பிய்க்குமாம்.

“மூடியும் திறந்து கிடக்கு,” என்று பவளம் சன்னமாகச் சொல்லிக்கொண்டாள்.

கார் மாட்டுவண்டியைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனது. இரண்டு தரம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினோம். இரண்டு தரமும் அந்தோனி அண்ணை கேட்டார், “தம்பி, ஏலுமோ?” இரண்டு தரமும் அவன் தலையை மட்டும் ஆட்டினான். ஓரிடத்தில் கொழும்பு ரயில் எங்களுக்குப் பக்கத்தால் போனது. மட்காட்டில் படுத்திருந்தவனைப் பார்த்து யன்னலோரச் சனம் சிரித்துக் கைகாட்டியது.

ஓமந்தை தாண்டியபின் திரும்பவும் குழலை வைத்துக் கேட்டேன். துடிப்பு இருந்தது, எண்ணக்கூடிய அளவுக்கு மெதுவாக. நிமிர்ந்தபோது பவளம் என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிஸியின்ரை கொண்டை இன்னும் கிடக்கு.”

குற்றம் சொல்கிற குரலல்ல. சாகப்போகிறவள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்பது போலிருந்தது. என் கைகள் தாமாகவே மேலே போய் ஊசிகளை ஒவ்வொன்றாக இழுத்தன. முடி முதுகில் விழுந்தது. நான் நம்பினேனா? இல்லை. பின் ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் கண்ணை மூடிக்கொண்டு என் விரலைப் பிடித்தாள்.

வவுனியா ஆஸ்பத்திரி வாசலில் பவளத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். தில்லையம்பலம் இன்னும் மட்காட்டில்தான் கிடந்தான். அந்தோனி அண்ணை அவன் விரல்களைக் குழாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் காட்டியது

“என்ன மிஸி, தலைவிரி கோலமா வாறீர்?” என்று கேட்ட வயதான டொக்டர், பவளத்தைப் பார்த்ததும் பகிடியை நிறுத்தினார். அந்த மனுஷனின் கைராசியை எழுத இன்னொரு அத்தியாயம் வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போராடினார். கால் வந்தது, உடம்பு வந்தது, கடைசியில் தலையும் வந்தது. பெண்பிள்ளை. நீலம்பாரித்துக் கிடந்தது. நான் வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, காலில் தட்டினேன். அது அழுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

நஞ்சுக்கொடி விழுந்தபின் டொக்டர் என்னைக் கூப்பிட்டார். தொப்புள்கொடியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

“மிஸி, இதைப் பாத்தனீரோ?”

கொடியின் நடுவில் ஒரு முடிச்சு.

கழுத்தில் சுற்றிய கொடியை நான் எத்தனையோ தரம் கழற்றியிருக்கிறேன். இது சுற்று அல்ல. பிள்ளை வயிற்றுக்குள் புரண்டபோது கொடியின் வளையத்துக்குள்ளால் புகுந்து வந்து, அதில் விழுந்த முடிச்சு. புத்தகத்தில் படம் பார்த்திருந்தேன், கண்ணால் கண்டதில்லை. அரைகுறையாக, தளர்ந்து கிடந்தது.

“இறுகியிருந்தா பிள்ளை இல்லை,” என்றார் டொக்டர்.

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அவிழ்ந்த தலைமயிர் முகத்தில் விழுந்து கிடந்தது, ஒதுக்கவும் தோன்றவில்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு டொக்டர் குரலைத் தாழ்த்தினார். “இது நூத்துக்கணக்கில ஒண்டுக்கு வாறதுதான். வெளியில சொல்லிப்போடாதையும். நாளைக்குச் சனம் வந்து வார்ட்டில இருக்கிற நுளம்புவலைக் கயிறெல்லாம் அவிட்டுப்போடும்.”

நான் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன். காருக்குள் அவிழ்த்த முடிச்சுக்கும் கொடியில் இறுகாமல் நின்ற முடிச்சுக்கும் ஒரு தொடுசலும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கும் தெரியும். தெரிந்திருந்தும் கொண்டையைத் திரும்பக் கட்டாமலே வார்ட்டை விட்டு வந்தேன்.

வெயில் சாயும் நேரம் காயக்காரர் பகுதிக்குப் போனேன். தில்லையம்பலம் வாங்குப் பலகையில் இருந்தான். பக்கத்தில் அந்தோனி அண்ணை. காயம் கட்டுகிறவர் என்னைக் கண்டதும் முறைப்பாட்டோடு வந்தார்.

“மிஸி, இவனோட ரெண்டு மணித்தியாலமா மல்லுக்கட்டுறன். மருந்து பூச விட்டான். துணி சுத்த விட்டான். முடிச்சுப் போட விடுறானில்லை.”

இரண்டு கையிலும் சுற்றிய துணியின் நுனிகள் கட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தன. கைகளை மடியில் மல்லாத்தி வைத்து, சுற்றுக் கழலாமல் அசையாமல் இருந்தான். என்னைப் பார்த்தான். நான் வீதியில் சொன்ன சொல்லுக்குப் பிறகு என்னிடம் கேட்க அவனுக்குப் பயம்.

“பிறந்திட்டுது தம்பி,” என்றேன். “பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம்.”

அவன் அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. இரண்டு கைகளையும் எனக்கு முன்னால் நீட்டினான்.

“இனிக் கட்டுங்கோ மிஸி.”

நான்தான் கட்டினேன். என்னை மன்னித்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நுனிகளை எடுத்தேன். இரண்டு தரம் நுனி வழுக்கிப்போய், மூன்றாம் தரம்தான் முடிச்சு விழுந்தது.